கேபிளிலிருந்து தொடங்குங்கள்: முதல் வலையமைப்பைச் சொந்தக் கையால் கட்டுவது

கணினி வலையமைப்புப் பாடத்தில் ஏழு அடுக்குகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் மாணவர், ஆய்வகக் கணினியில் இணைப்பு அறுந்ததும் என்ன செய்கிறார்? கணினியை அணைத்துப் போடுகிறார். பலிக்கவில்லை என்றால் பிரவுசரை மாற்றுகிறார். அப்புறம் விண்டோஸைக் குறை சொல்கிறார். லேன் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பது கடைசியில்தான் நடக்கிறது. பாடப்புத்தகத்தின் முதல் அடுக்கு அந்தக் கேபிள்தான். பழுது தேடுபவர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டு லேப்டாப்புகளை ஒரே கேபிளால் இணைத்து, பேச வைத்து, அந்தப் பேச்சைத் திரையில் பார்த்து, வேகத்தை அளப்பது இந்த அத்தியாயத்தின் வேலை. ஸ்விட்சும் வைஃபையும் பிறகு வரும். வழி நெடுக ஒரே விதி: ஒரு படி சரி என்று விளக்கோ எண்ணோ காட்டிய பிறகுதான் அடுத்த படி. ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் கணினி உதிரிபாகம் விற்கும் கடையிலோ இவ்வளவும் கிடைக்கும்: கேட்-6 கேபிள் 10 மீட்டர், கேட்-6க்கான ஆர்ஜே-45 கனெக்டர் இருபது, கிரிம்பிங் டூல், எட்டு விளக்கு கொண்ட கேபிள் டெஸ்டர், ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று. பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது மட்டும் அவசரம் கூடாது. விலை மலிவாக இருக்கும் கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு. ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். அந்தக் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடேறும்.

கனெக்டர் போடுவது

பொறுமை தேவைப்படும் வேலை இது ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று கனெக்டர்கள் வீணாகும் என்று வைத்துக்கொண்டே உட்காருங்கள். இருபது வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

1. ரப்பர் மூடி வைத்திருந்தால் அதை முதலில் கேபிளில் கோர்த்துவிடுங்கள். கனெக்டரை அழுத்திய பிறகு அது உள்ளே போகாது. கைபழகியவர்கள்கூட மறக்கும் படி இது.

2. நுனியிலிருந்து சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு வெளியுறையை உரியுங்கள். பிளேடால் சுற்றி ஒரு கோடு போட்டு, வளைத்து உடைத்தால் போதும். அழுத்தி வெட்டினால் உள்ளே இருக்கும் வயரின் காப்பும் கீறிவிடும். கீறியிருந்தால் அந்த நீளத்தை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி உரியுங்கள்.

3. உள்ளே நான்கு ஜோடி வயர்கள் முறுக்கிக்கொண்டு இருக்கும். கேட்-6 கேபிள் பலவற்றில் ஜோடிகளுக்கு நடுவே சிலுவை வடிவப் பிளாஸ்டிக் தண்டும் இருக்கும். அதை உறை முடியும் இடத்தோடு ஒட்ட வெட்டுங்கள்.

4. ஜோடிகளின் முறுக்கைப் பிரித்து, வயர்களை விரலால் நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசைக்கு டி568பி என்று பெயர்.

5. எட்டையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இறுக்கிப் பிடித்து, உறையிலிருந்து 13 மி.மீ. விட்டு, ஒரே வெட்டாக நேராக வெட்டுங்கள். முறுக்குப் பிரிந்த நீளம் அதற்கு மேல் போகக் கூடாது.

6. கனெக்டரின் தாழ்ப்பாள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, தங்க நிறத் தகடுகள் உங்களைப் பார்த்திருக்க, வயர்களை உள்ளே தள்ளுங்கள். வெள்ளை-ஆரஞ்சு இடது ஓரத்தில் இருக்க வேண்டும். கனெக்டரின் முகப்பை வெளிச்சத்தில் பிடித்தால் எட்டுச் செம்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். ஏழுதான் தெரிகிறது என்றால் வெளியே இழுத்து மறுபடி வெட்டுங்கள்.

7. வெளியுறையும் கனெக்டருக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிரிம்பிங் டூலில் வைத்து முழுவதுமாக அழுத்துங்கள். உறை வெளியே நின்றுவிட்டால் இழுவிசை முழுவதும் மெல்லிய வயர்கள் மேல் விழும். சில வாரங்களில் ஏதாவது ஒன்று கழன்றுகொள்ளும்.

8. மறுமுனையிலும் அதே வரிசை. பழைய புத்தகங்களில் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க ஒரு முனையை மாற்றிப் போடும் குறுக்குக் கேபிள் வேண்டும் என்று எழுதியிருக்கும். இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்

கேபிள் கட்டும் வேலையில் பலரும் சறுக்குவது இங்கேதான். எட்டு வயர்களை ஏதோ ஒரு வரிசையில் போட்டு, மறுமுனையிலும் அதே வரிசையில் போட்டால் வேலை செய்யும்தானே என்று தோன்றும். டெஸ்டரும் ஆமாம் என்றே சொல்லும். எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். லேப்டாப்பில் செருகினால்தான் கேபிள் தகராறு பண்ணும்.

ஈதர்நெட் ஒவ்வொரு சமிக்ஞையையும் ஒரு ஜோடி வயரில் அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் இரண்டு வயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். பெறும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் பொதுவான இரைச்சல் கழிந்துபோகிறது. இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் இந்தக் கழித்தல் நடக்கும். தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய உத்தி இது. கிகாபிட் ஈதர்நெட் இன்றும் இதை நம்பித்தான் ஓடுகிறது.

சிக்கல் என்னவென்றால், கனெக்டரில் 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் ஒரு ஜோடி; 4ஆம் பின்னும் 5ஆம் பின்னும் இன்னொரு ஜோடி. ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியவர் 3க்கும் 6க்கும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வயரைக் கொடுத்துவிடுகிறார். மின்சாரத் தொடர்பு இருக்கிறது, முறுக்கின் பாதுகாப்பு இல்லை. ஒரு ஜோடியின் சமிக்ஞை இன்னொன்றுக்குள் கசியும். இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கலாம், பிழைகள் குவியலாம், சில நேரம் இணைப்பே ஏறாது. மலிவு விலை டெஸ்டர் வயர் அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். இந்தப் பழுது அதன் கண்ணில் படாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் 5 மீட்டர் கேபிள் ஒன்றை வேண்டுமென்றே இப்படித் தப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வேகச் சோதனையில் நல்ல கேபிளோடு ஒப்பிடலாம்.

குறிப்பு: 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட் கருவிகளுக்கு இடையே இணைப்பு 100இலேயே நின்றால், நீல ஜோடியையோ பழுப்பு ஜோடியையோ முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு லேப்டாப்புகளைப் பேச வைப்பது

1. இரண்டிலும் வைஃபையை அணையுங்கள். இதை விட்டுவிட்டால் சோதனைப் பொட்டலம் கேபிளை விட்டுவிட்டு வைஃபை வழியாக ஓடி, பொய்யான முடிவு கொடுக்கும்.

2. கேபிளைச் செருகுங்கள். போர்ட்டில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் இங்கேயே நில்லுங்கள். ஐபி முகவரியைத் தொடாதீர்கள்.

3. நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட் பகுதிக்குப் போய், ஐபி அசைன்மென்ட்டை மேனுவலாக மாற்றுங்கள். முதல் லேப்டாப்புக்கு 192.168.10.1, இரண்டாவதற்கு 192.168.10.2. இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாக இருக்கட்டும்.

4. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதல் லேப்டாப்பிலிருந்து இரண்டாவதைப் பிங் செய்யுங்கள்.

பிங்கை எழுதியவர் மைக் மூஸ், 1983 டிசம்பரில். நான்கு பதில்கள், ஒவ்வொன்றும் 1 மில்லி விநாடிக்குள் வந்தால் கேபிளும் முகவரியும் சரி. பதில் வராவிட்டால் திரையில் வந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அதில்தான் விடை இருக்கிறது. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் லேப்டாப்பின் முகவரியிலிருந்தே பதில் வந்தால், அந்த முகவரியில் யாரும் இல்லை என்று பொருள்: எண் தப்பு, அல்லது கேபிள் தப்பு. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்தால் எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறார், பதில்தான் வரவில்லை. பெரும்பாலும் எதிர் லேப்டாப்பின் ஃபயர்வால் தடுத்திருக்கும். இரண்டையும் "பிங் போகல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் மாணவர், கையில் கிடைத்த துப்பைத் தூக்கிப் போடுகிறார்.

ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிடும் பழக்கம் ஆய்வகங்களில் பரவலாக இருக்கிறது. வேண்டாம். உள்வரும் விதிகளின் பட்டியலில் எக்கோ ரிக்வெஸ்ட் என்று பெயரில் வரும் ஐசிஎம்பி-வி4 விதியை மட்டும் இயக்கினால் போதும்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. இரண்டாவது லேப்டாப்பின் முகவரியை 192.168.20.2 என்று மாற்றுங்கள். கேபிள் அதே, விளக்கும் எரிகிறது, பிங் போகாது. பிறகு இரண்டு லேப்டாப்பிலும் மாஸ்க்கை 255.255.0.0 என்று மாற்றிப் பாருங்கள். பிங் திரும்ப ஓடும். தன் பக்கத்தில் இருப்பவர் யார், ரவுட்டர் வழியாகப் போக வேண்டியவர் யார் என்பதை லேப்டாப் முடிவு செய்வது மாஸ்க்கை வைத்துத்தான். சப்நெட் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கணக்கு அப்புறம் தானாகப் புரியும். முடித்ததும் பழைய எண்களுக்குத் திரும்புங்கள்.

வயருக்குள் போவதைப் பார்ப்பது

வயர்ஷார்க் இலவச மென்பொருள். ஜெரால்ட் கோம்ஸ் 1998இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006இல் பெயர் மாறியது. அதை நிறுவி, ஈதர்நெட் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, பதிவைத் தொடங்கிவிட்டு, ஒரு பிங் அனுப்புங்கள்.

முதலில் ஆர்ப் என்ற வரி வரலாம். தெருமுனையில் நின்று "192.168.10.2 யாருங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடுவது அது. உரிய கணினி மட்டும் தன் மேக் முகவரியோடு பதில் சொல்லும். அதன் பிறகே பிங் கிளம்பும். இந்த முகவரியை லேப்டாப் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், அடுத்தடுத்த பிங்குகளில் ஆர்ப் வராமல் போகலாம்.

இப்போது பிங் வரி ஒன்றைத் திறந்து அதன் நீளத்தைப் பாருங்கள்: 74 பைட். பிங் சுமந்து போகும் சரக்கு 32 பைட்தான். மீதி 42? ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஈதர்நெட் தலைப்பு 14. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உறை போடுகின்றன என்று வகுப்பில் சொன்னது இதுதான். இங்கே விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். கடைசி 32 பைட்டைச் சொடுக்கினால் விண்டோஸ் அனுப்பும் சரக்கு என்னவென்றும் தெரியும். ஆங்கில எழுத்துகள் ஏ முதல் டபிள்யூ வரை 23, மறுபடி ஏ முதல் ஐ வரை 9.

எச்சரிக்கை: வயர்ஷார்க்கை உங்கள் இரண்டு லேப்டாப் வலையமைப்பில் மட்டும் ஓட்டுங்கள். கல்லூரி வலையமைப்பிலோ விடுதி வைஃபையிலோ அனுமதியில்லாமல் பிறர் போக்குவரத்தைப் பதிவு செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வேகத்தை அளப்பது

ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை ஒரு லேப்டாப்பில் சர்வராகவும் இன்னொன்றில் கிளையண்டாகவும் ஓட்டுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். நல்ல கேபிளில் நொடிக்குச் சுமார் 940 மெகாபிட் வரும். ஆயிரம் ஏன் வரவில்லை என்று கேட்கும் மாணவருக்கு மேலே பார்த்த உறைகளே பதில். 1,500 பைட் ஐபி பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் வயரில் 1,538 பைட் நேரம் செலவாகிறது. அந்த 1,500க்குள்ளும் ஐபி, டிசிபி தலைப்புகள் இடம் பிடிக்கின்றன. 94 வந்தால் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று அர்த்தம். நீல, பழுப்பு ஜோடிகளுக்குத் திரும்புங்கள். வேண்டுமென்றே தப்பாகக் கட்டிய கேபிளையும் செருகி, வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். கோப்பு இறங்கும் வேகம் 12 என்று காட்டினால் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போவதற்கு முன் எட்டால் பெருக்குங்கள்.

வேகம் ஒன்று, தாமதம் வேறு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது, அதாவது மில்லி விநாடிக்கு 200 கி.மீ. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போக 16, வர 16. ஆக 32 மில்லி விநாடிக்குக் குறைவாக அந்தக் கேபிளில் எந்தப் பிங்கும் திரும்ப முடியாது. எத்தனை கிகாபிட் திட்டம் வாங்கினாலும் இந்த 32 குறையாது. வீட்டிலிருந்து வெளிநாட்டுச் சர்வர் ஒன்றைப் பிங் செய்து, வந்த எண்ணை 100ஆல் பெருக்கினால், சர்வர் அதிகபட்சம் எத்தனை கி.மீ. கேபிள் தூரத்தில் இருக்க முடியும் என்று கிடைக்கும். எண் மிகச் சிறிதாக வந்தால், "வெளிநாட்டு" சர்வரின் நகல் ஒன்று பக்கத்து நகரத்திலேயே இருக்கிறது.

ஸ்விட்ச், பிறகு வைஃபை

ஸ்விட்சை நடுவில் வைத்து மூன்றாவது கணினியை 192.168.10.3 என்று சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகாதீர்கள். மலிவு ஸ்விட்சுகளில் இந்த வளையத்தை உடைக்கும் வசதி கிடையாது, ஆர்ப் கூப்பாடு சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பே முடங்கும். வீட்டு ரவுட்டரின் லேன் போர்ட்டைக் கல்லூரி வலையமைப்பில் செருகாதீர்கள். அது அக்கம்பக்கத்துக் கணினிகளுக்கெல்லாம் தன்னிஷ்டத்துக்கு ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும்.

வைஃபைக்கு ஒரு எண் போதும்: சமிக்ஞை வலிமை, டிபிஎம் அளவில். கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, ரவுட்டர் இருக்கும் அறையிலிருந்து நடந்தபடி ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் எழுதுங்கள். எண் நெகட்டிவில் இருக்கும். மைனஸ் 40 நல்லது, மைனஸ் 80 மோசம். 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

கிளாட் ஷானன் 1948இல் தந்த சூத்திரத்தை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் சமிக்ஞை இரைச்சலைவிட 20 டெசிபல் மேலே இருந்தால், ஒற்றை ஆன்டெனாவுக்கு உச்ச வரம்பு நொடிக்குச் சுமார் 133 மெகாபிட். 10 டெசிபலாக இறங்கினால் 69. சேனல் அகலத்தைக் கூட்டினால் வேகம் நேராகக் கூடும். திறனைக் கூட்டினால் மெல்லத்தான் கூடும். ஆகவே பெரிய ஆன்டெனாவைத் தேடுவதைவிட ரவுட்டரைச் சுவர் குறைவான இடத்துக்கு நகர்த்துவதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதும் முதலில் செய்ய வேண்டியவை.

உயிருக்கும் கண்ணுக்கும்

ஃபைபர் இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் போகும் 1310, 1490, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. வெட்டிய இழைத் துண்டுகளை டேப்பில் ஒட்டிக் குப்பையில் போடுங்கள், விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

கேமரா போன்றவற்றுக்கு மின்சாரம் சுமக்கும் லேன் கேபிளில் 50 வோல்ட் வரை, சில நேரம் அதற்குச் சற்று மேலும் இருக்கும். ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மின்சார வயரோடு சேர்த்து ஒரே குழாயில் லேன் கேபிளை இழுக்காதீர்கள். மொட்டை மாடி வழியாகக் கேபிள் போகிறதென்றால், இடி மின்னலுக்கு முன்பே இரு முனையையும் கழற்றுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு அதைத் தொட வேண்டாம். லேன் கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கிளம்பும் முன்

இரண்டு லேப்டாப்பிலும் ஐபி அசைன்மென்ட்டை மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் அதே ஈதர்நெட் போர்ட்டில் வேறெங்கே கேபிளைச் செருகினாலும் இணையம் வராது. சோதனைக்காகத் திறந்த ஃபயர்வால் விதியை மூடுங்கள். நல்ல கேபிளின் இரு முனையிலும் தேதியும் நீளமும் எழுதி ஒட்டுங்கள். வேண்டுமென்றே தப்பாகக் கட்டிய கேபிளின் இரு கனெக்டர்களையும் இப்போதே வெட்டி எறியுங்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும் அந்தக் கேபிளை அடுத்த வாரம் வேறொருவர் எடுத்து மாட்டிவிட்டால், பழுதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள் போய்விடும்.